கரியக்காவும் கிழியாத சவ்வும்

அவளுக்குக் கரியக்கா என்று பெயர் வைத்தவர்கள் கூடவே வேலை பார்த்தவர்கள்தான். பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டை அமிலத்தில் ஊறவைத்து, கழுவி வடிகட்டி, காகிதம்போல மெல்லிய சவ்வாக்குவது அவள் வேலை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லில் அந்தச் சவ்வு ஹைட்ரஜனை மறிக்க வேண்டும். அதிலிருந்து பிரியும் புரோட்டான்களை மட்டும் அடுத்த பக்கம் விட வேண்டும். புரோட்டான் நகர ஈரம் தேவை. ஈரம் கூடினால் சவ்வு உப்பிக் கிழிந்து தொலைக்கும். இதோடுதான் அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள்.

அதற்குள் கம்பெனியின் முதலீட்டாளர்கள் பார்வையிட வந்துவிட்டார்கள். அன்று காலை மேனேஜர் மேசைக்கடியில் குனிந்து, செல் ஓட்டிக் காட்ட வேண்டிய விசிறியின் ஒயரை ஒரு பேட்டரியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"நடுவுல நின்னுட்டா மானம் போயிடும்மா. நீ பக்கத்துல சிரிச்ச முகமா நில்லு, போதும்."

விசிறி சுற்றியது. "வெறும் கரி சார் இதை ஓட்டுது," என்றார் மேனேஜர், கண் கூசாமல். கைதட்டினார்கள்.

வந்தவர்களில் ஒரு அம்மா கை கழுவ வந்தபோது கரியக்கா பொறுக்கமுடியாமல் அவரிடம் சொல்லிவிட்டாள். "மேடம், அது பேட்டரில ஓடுது."

"தெரியும்மா," என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "போற இடமெல்லாம் ஒரு பேட்டரி இருக்கத்தான் செய்யுது. ரிப்போர்ட்டுல விசிறி சுத்துச்சுன்னு எழுதணும். சுத்துச்சு, எழுதிடுவேன்."

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள்.

"அமில வாடையா?" என்று கேட்டார் கணவர்.

"ஆள் வாடை. குமட்டுது."

ஆனாலும் வேலையை விடவில்லை. அமிலத்தின் அளவைக் குறைத்தாள். சவ்வின் அடுக்குகளுக்கிடையே ஒரு பிசினைச் சேர்த்துப் பார்த்தாள். ஒருநாள் மதியம் முழுக்கச் செல் தானாகவே விசிறியை ஓட்டியது. சவ்வு உப்பவுமில்லை, கிழியவுமில்லை. மூச்சிரைக்க ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள்.

அவர் வாசற்படியில் நின்றபடியே எட்டிப்பார்த்தார். "நல்லது. ஆனா அதான் அன்னிக்கே காட்டியாச்சே. இனி இதுக்கு ஏன் மெனக்கெடுற?"

அந்த மாதக் கடைசியில் விலகினாள். இப்போது தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அழுக்குத் தண்ணீர் வந்தால் அழுக்கு என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள்.