மேல்தெருவில் கதவுகளைச் சாத்த முடியாமல் போன மாதம்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் அவரை எல்லாரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் வேலை. அதே அலுவலகத்தில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன் நான். அவர் எந்த வீட்டில் கசிவு என்று எழுதிக் கொடுக்கிறாரோ அந்த வீட்டுக்கு நான் ஸ்பேனரோடு போவேன். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது.

குள்ளமான உருவம், வேகமான நடை. யார் வீட்டிலும் உட்கார மாட்டார். வாசலில் நின்றபடியே அந்த வீட்டுக் கதை மொத்தத்தையும் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மருமகள் சண்டையும் மூட்டு வலியும் கேட்டுக் கேட்டு, தன் இரண்டு காதையும் ஊருக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொல்வார்.

அந்த வருஷம் மழை தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் ஒருவர் ஐந்து நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்று கடிதம் வந்தது. வெள்ளத்திலோ நிலச்சரிவிலோ வீடு வாசலை இழந்து மிஞ்சியவர்களுக்குத் துணையாக நிற்பது எப்படி என்று சொல்லித் தருவார்களாம். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு மாமனார் ஆஸ்பத்திரியில். எனக்குக் குழாயோடு மட்டும்தான் பேசத் தெரியும் என்று நானும் நழுவிவிட்டேன். கடைசியில் மீட்டரக்கா தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மழைக்காக விடுமுறை விட்டிருந்த பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் பயிற்சி. சொல்லிக் கொடுக்க வந்தவர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். குரலை உயர்த்தவே மாட்டாராம். முதல் நாள் அவர் சொன்னதை அக்கா அலுவலகத்துக்கு வந்து அப்படியே திருப்பிச் சொன்னார்:

"எல்லாம் சரியாயிடும்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆகாதுன்னு அவங்களுக்குத் தெரியும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. அவங்க பேசற வரைக்கும் பக்கத்துல இருங்க."

இதற்கு எதற்கு ஐந்து நாள் என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் வீட்டை இழந்தவராக நடிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். மீட்டரக்காவுக்கு வீட்டை இழந்தவர் வேஷம். எதிரே தபால் அலுவலகத்துப் பெண். என்ன பேசுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பிறகு, அந்த மாதம் வாசல் வாசலாகக் கேட்டதிலிருந்து எடுத்துப் பேச ஆரம்பித்தார்.

"ஒரு மாசமா கதவைச் சரியா சாத்த முடியல. மழையில மரம் உப்பியிருக்கும்னு விட்டுட்டோம். பின்பக்கச் சுவர்ல கீறல் விட்டுச்சு. மொதல்ல நகம்தான் நுழைஞ்சுது, அப்புறம் விரலே நுழைஞ்சுது. கிணத்துத் தண்ணி கலங்கிப் போச்சு. குழாய் ஜாயின்ட் ஒட்ட ஒட்ட விட்டுக்கிட்டே இருந்துச்சு."

அதோடு பேச்சு நின்றது. தபால் அலுவலகப் பெண் சொல்லிக் கொடுத்தபடி பொறுமையாகக் காத்திருந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டாள்.

"அப்புறம் ஒண்ணும் ஆகல," என்றார் அக்கா. "இன்னும் ஆகல."

பேச வேண்டியது மறந்துவிட்டது என்று நினைத்துக் கூடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் சொன்ன கதவு ஒரு வீட்டில், கீறல் வேறு வீட்டில், கிணறு இன்னொரு வீட்டில். தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொன்றும் சாதாரண மழைக்காலப் புலம்பல். வரிசையாகத் தன் வாயால் சொன்னபோதுதான், எல்லாமே மலைச்சரிவை ஒட்டிய மேல்தெருவில் இருப்பது அவருக்கு உறைத்தது.

அன்று மாலை நேராக என்னிடம் வந்து ரிப்பேர் நோட்டைக் கேட்டார். அவருடைய ரீடிங் நோட்டையும் என்னுடையதையும் மேசையில் அருகருகே விரித்தோம். இரண்டு மாதத்தில் நான் மேல்தெருவுக்கு ஒன்பது தடவை போயிருந்தேன். அதில் ஏழு, சரிவுப் பக்கத்து வீடுகள்.

"குழாய் தானா விட்டிருந்துதா, இல்ல யாரோ புடிச்சு இழுத்த மாதிரி விட்டிருந்துதா?"

நான் யோசித்தேன். பழைய குழாய் என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பள்ளத்துப் பக்கமாகவே விலகியிருந்தது.

"இழுத்த மாதிரிதான்," என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மறுநாள் காலை இன்ஜினியரிடம் போனோம். கெட்ட மனிதர் இல்லை. முழுவதும் கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து மண் பார்க்கிறவர்கள் வர வேண்டும், மழை விட்டால்தான் வருவார்கள் என்றார். எங்கள் கண் முன்னாலேயே கடிதம் எழுதி அனுப்பினார். மழை விடுவதாக இல்லை.

அக்கா பயிற்சியாளரிடம் கேட்டார். நடந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தனக்குத் தெரியும், நடப்பதற்கு முன் செய்வதற்குத் தன்னிடம் பாடம் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, "நீங்க போய்ச் சொன்னா பயமுறுத்தற மாதிரி இருக்கும்க்கா. அவங்கவங்க பாத்ததை அவங்களே சொல்லட்டும். ஒருத்தர் சொல்றதை மத்தவங்க கேக்கட்டும்," என்றார்.

மேல்தெருவில் இருபத்து மூன்று வீடுகள். நடுவில் ஒன்று மீட்டரக்காவின் உடன்பிறந்த அக்கா வீடு. அந்த அக்காவின் கணவர், மீட்டரக்காவுக்கு அத்தான், கொத்தனார். அந்த வீட்டை மட்டுமல்ல, தெருவில் பாதி வீட்டைக் கட்டியவரே அவர்தான். பயிற்சி முடிந்த ஐந்தாம் நாள் மாலை, அந்த வீட்டு முன்னறையில் தெருவில் உள்ளவர்களை மீட்டரக்கா கூட்டினார். நானும் நோட்டோடு போயிருந்தேன்.

முதலில் தையற்காரரின் மனைவி பேசினார். பீரோக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுகிறார் என்றார். சிரிப்பு எழுந்தது. அடுத்தவர் தன் வீட்டுத் தரையில் கொட்டிய தண்ணீர் இப்போது எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்றார். பின்னால் இருக்கும் மரங்கள் வேலி மேல் சாய்வதாக ஒருவர் சொன்னார். நான்கு பேர் பேசியதும் சிரிப்பு நின்றது. ஒன்பதாவது ஆள் பேசி முடித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"மழைன்னா சுவர் விரியத்தான் செய்யும். அஞ்சு நாள் படிச்சுட்டு வந்து ஆறாம் நாளு எங்க தலையில சோதிச்சுப் பாக்கறியா?"

அத்தானே எழுந்து, தன் வீடு எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அறைக் கதவைச் சாத்தினார். நாலு விரற்கடை பாக்கி இருக்கும்போது கதவு நின்றது. தள்ளினார். தோளைக் கொடுத்து இடித்தார். கதவு நிலை கோணிப்போயிருந்தது. தன் கையால் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து நிறுத்திய நிலை. அதைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

விடிந்ததும் முதல் பீரோவைக் கீழே இறக்கியவர் அவர்தான். பிறகு வீடு வீடாகப் போனார். நான் கட்டின வீடு, நானே சொல்கிறேன், இறங்குங்கள் என்று சொன்னார். மூன்று நாளில் பத்தொன்பது வீடு காலியானது. பயிற்சி நடந்த அதே கூடத்தில் பாய் விரித்தார்கள். நாலு வீட்டுக்காரர்கள் மட்டும் அசையவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் அந்த நாலு வாசலுக்கும் போனார். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தப் பார்த்தார்கள். அதைச் சாத்த முடியவில்லை.

நாலாம் நாள் காலை மழை விட்டது. வெயில்கூட அடித்தது. கூடத்தின் வாசலில் போகிறவர் வருகிறவர் பெயரை அக்காதான் எழுதிக்கொண்டிருந்தார். தையற்காரரும் அவர் மனைவியும் கிளம்பி நின்றார்கள். தைக்கக் கொடுத்தவர்களின் துணி மேலே கிடக்கிறது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்றார் அவர். அக்கா வானத்தைப் பார்த்தார். பிறகு, "சீக்கிரம் வந்துருங்க," என்றார். மணி பத்து பத்து என்று நோட்டில் எழுதினார்.

பத்து நாற்பதுக்கு நான் கீழே நீர்த்தொட்டி அருகில் இருந்தேன். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. கொட்டி முடியவே இல்லை. என் முன்னால் இருந்த, தண்ணீர் அழுத்தம் காட்டும் மானியின் முள் அப்படியே பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மேலே போகிற குழாயில் தண்ணீர் நின்று காற்று மட்டும் ஊதியது. அப்புறம் பச்சை வேர் முறிந்த வாசனை வந்தது.

பதின்மூன்று வீடுகளைச் சரிவு வாரிக்கொண்டு போயிற்று. இறங்காத வீடுகளில் ஐந்து பேர் செத்துப்போனார்கள். தையற்காரரும் அவர் மனைவியும் சேர்த்து ஏழு.

வெளியூரில் அச்சகத்தில் வேலை பார்க்கும் தையற்காரரின் மகள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை உயிரைக் காப்பாற்றியவர் என்று பேச்சு. அக்கா அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தப் பெண்ணிடம் தானே போவதாகப் பயிற்சியாளர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"யாரு அவங்களை மேல போக விட்டது?" என்று அவள் கேட்டாள்.

கூடத்தில் எல்லாருக்கும் காது அங்கேதான் இருந்தது.

"நான்தான்மா. மழை விட்டுடுச்சேன்னு நெனச்சேன். சீக்கிரம் வந்துருங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

அவள் அடிக்கவில்லை, அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் அப்படியே இருந்தாள். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், கொஞ்சம் தள்ளி இருப்பார், எழுந்து போவார். மூன்றாம் நாள் அவள் திரும்பாமலே, அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"அம்மா ஒண்ணும் சொல்லல. ரெண்டு சட்டைக்குப் பொத்தான் மட்டும்தான் பாக்கின்னு அப்பா சொன்னாரு. அம்மா செருப்பை மாட்டிக்கிட்டே சிரிச்சாங்க."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அக்கா அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. உன் பெயரைச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால்தான் என்ன என்று தனியாகக் கேட்டேன்.

"அப்புறம் அவ எதை நம்புவா?" என்றார்.

மழை முற்றிலும் விட்ட பிறகு மண் பார்க்கிறவர்கள் வந்தார்கள். மேல்தெருவுக்குக் கம்பிவேலி போட்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு தெருக்களின் தலைக்கு மேலும் மண் பிளந்திருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அத்தான் புது வீடு எதற்கும் அஸ்திவாரம் போட ஒப்புக்கொள்வதில்லை. அக்கா இப்போது அந்த இரண்டு தெருக்களுக்கு வாரம் ஒருமுறை போகிறார். ரீடிங் எடுக்க இல்லை. அவரைத் தூரத்தில் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறவர்கள் உண்டு.

அந்தப் பெண் தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். மாதத்தில் ஒருநாள் அக்காவைக் கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்வாள். பேச்சு அதிகம் இருக்காது. சில தடவை இரண்டு பேரும் ஒன்றுமே பேசாமல் ஐந்து நிமிஷம் போனைக் காதில் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அந்த அறைக்குள் போவதில்லை.