வாசலில் நிற்பவளுக்கு ஒரு வசனம்

விளையாட்டைச் செய்தது என் கணவர். எழுதியது நான். அவருக்குக் கண் இல்லை. எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு பக்கம் எழுதலாம்.

வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்ட நாளில்தான் கண் போனது. வாசலில் சாமான் கட்டிக்கொண்டு நிற்கும்போது ஷெல் விழுந்தது. அதே ஷெல்லில் மகளும் போனாள். ஏழு வயது. வேறு பிள்ளை இல்லை. நான் அரிசி எடுக்கக் குசினிக்குள் போயிருந்தேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அறிவு திரும்பியதும் இவர் கேட்டது பிள்ளையைத்தான். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அது உண்மை இல்லை. உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தித்தான் கொண்டு போனோம். இவர் அறிவில்லாமல் கிடந்தார். அவள் கொஞ்ச நேரம் இருந்தாள். கதைத்தாள். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு விசுவமடுவில் ஒருவருடைய காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். நான் தோட்டங்களில் கூலிக்குப் போவேன். வெங்காயம் நடுவது, புல்லுப் பிடுங்குவது. இவர் கதிரையில் இருப்பார். நான் போகும்போது இருந்த மாதிரியே வரும்போதும் இருப்பார்.

இவர் கலியாணத்துக்கு முதல் கொழும்பில் ரேடியோ, ரீவி திருத்தும் கடையில் வேலை செய்தவர். அங்கே ரீவி கேமும் திருத்த வரும். திருத்திய பிறகு சரியா என்று விளையாடிப் பார்க்க வேண்டும். அது இவருடைய வேலை. சம்பளமும் தந்து விளையாடவும் விட்டார்கள் என்று முந்திச் சொல்லிச் சிரிப்பார்.

சுடுகிற விளையாட்டுகள்தான் கூடவாம். அவை சுறுக்காக அலுத்துவிடும். ஒரு கசெற் மட்டும் வேறு மாதிரி. அதில் ஒரு பொடியன் ஊருக்குள் நடந்து திரிவான். வீடுகளுக்குள் போவான். நிற்கிற ஆட்களோடு கதைப்பான். அவர்கள் சொல்வது ஒரு பெட்டிக்குள் எழுத்தாக வரும். எல்லாம் ஜப்பான் எழுத்து. கடையில் ஒருவருக்கும் விளங்காது. இவர் அந்த ஆட்களின் முகத்தையும் நிற்கிற இடத்தையும் பார்த்து, இந்த மனிசி இதைத்தான் சொல்கிறாள், இந்தக் கடைக்காரன் இதைத்தான் சொல்கிறான் என்று தானே ஒரு கதை கட்டினார். கதை முடிவதற்குள் சொந்தக்காரர் வந்து கேமைக் கொண்டு போய்விட்டார்.

அந்த ஆட்களிடம் ஒரு குணம் இருந்ததாம். ஒருவருக்கு ஒரு வசனம்தான். பத்துத் தரம் கேட்டாலும் அதையே சொல்வார்கள். கோபிக்க மாட்டார்கள்.

ஒருநாள் நான் வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்க, "அப்பிடி ஒண்டு செய்வமோ?" என்று கேட்டார்.

கரண்டும் இல்லை, ரீவியும் இல்லை என்றேன்.

"ரீவி என்ர தலைக்குள்ள ஓடுது. நீ எழுது."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைக் கேட்டு வாங்கித் தைத்தேன். ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊரைக் கீறினேன். ஊர் வட்டக்கச்சிதான். அவருக்கு வேறு ஊர் தெரியாது. விசுவமடுவை அவர் கண்ணால் காணவில்லை.

கதை இதுதான். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கேயோ அடைபட்டிருக்கிறது. விளையாடுகிறவர் எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, வாய்க்கால் கரையால் நடந்து, குளக்கட்டு வரைக்கும் போய், எங்கே அடைத்தது, யார் அடைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். புளியங்கொட்டையை உடைத்து நாலு பாதி வைத்திருந்தோம். வெள்ளைப் பக்கம் எத்தனை விழுகிறதோ அத்தனை எட்டு வைக்கலாம். இடத்துக்கு இடம் ஒரு பக்கம். சந்திக்கு வந்தால் மூன்றாம் பக்கத்தை வாசிப்பேன். இடக்கைப் பக்கம் போனால் ஏழாம் பக்கம். நாய் கடித்தால், யானை வந்தால், திரும்ப வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஒருவரும் சாகக் கூடாது. அதில் இவர் பிடிவாதமாக இருந்தார்.

இவர் நீளமாகச் சொல்வார். நான் கட்டையாக எழுதுவேன். எனக்கு எழுத்து ஓடாது. திருப்பி வாசிக்கும்போது பிடித்துவிடுவார். "நான் பத்துச் சொன்னா நீ ரண்டு எழுதுறாய்."

"ரண்டு காணும்," என்பேன்.

அவர் சொல்லாததை நான் ஒருநாளும் சேர்க்கவில்லை. சேர்க்க எனக்குத் தெரியாது.

முதலாம் பக்கம் எங்கள் வீடு. படலை, வாழை, மாட்டுக் கொட்டில் எல்லாம் சொன்னார். வாசலில் ஒருவரையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ச் சனம் கொஞ்சம் அந்தக் காணியைச் சுற்றித்தான் இருந்தது. பின்னேரங்களில் வந்தார்கள். முதலில் பாவம் பார்த்து வந்தார்கள். பிறகு விளையாட வந்தார்கள். எங்களுக்கு அடுத்த வாய்க்காலில் வயல் செய்த ஒரு அண்ணை இருந்தார். அறுபது வயது. அவர் முதல் நாளே சண்டை பிடித்தார்.

"என்ர கிணறு வடக்குப் பக்கம். நீ அதைத் தெற்கால கொண்டுபோய் வெட்டி வைச்சிருக்கிறாய். கண் தெரிஞ்ச காலத்திலயும் நீ என்ர வளவுப் பக்கம் பாக்கேல்லைப் போல."

"பாக்கிறதுக்கு அங்க என்ன அண்ணை இருந்தது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஷெல்லுக்குப் பிறகு அன்றுதான். நான் அடுப்பில் ஊதுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிணற்றை அழித்து வடக்கில் கீறினேன்.

அண்ணையை மூன்று தரம் நாய் கடித்து வீட்டுக்கு அனுப்பியது. தன்னுடைய ஊரில் தன்னை ஒரு நாயும் கடிக்காது என்று உண்மையாகவே கோபித்தார். அடுத்த நாள் வெள்ளனத் திரும்பி வந்தார்.

இவர் ஊருக்குள் ஆட்களை நிறுத்தத் தொடங்கினார். ஒருவருக்கு ஒரு வசனம். சங்கக்கடை மனேச்சர் "சீனி நாளைக்கு வரும்" என்பார். தபால்காரர் "உங்களுக்குக் கடிதம் இல்லை, கோவியாதேங்கோ" என்பார். பால் கொண்டுபோகிற மனிசி, தன் பாலில் தண்ணீர் இல்லை என்று கேளாமலே சத்தியம் செய்வாள். சனம் கேட்டுவிட்டு, ஓம், அச்சு அசல் அவர்தான் என்றது. இவருக்கு முகம் தெளிந்துகொண்டு வந்தது. நான் வேலையால் வரும்போது கதிரையில் சும்மா இருப்பதில்லை. வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு அக்கா. அவருடைய மகன் நாங்கள் இடம்பெயர்ந்த கிழமையில் சைக்கிளில் போனவன். வரவில்லை. எங்கே என்று தெரியாது. நிவாரண அட்டையில் அவனுடைய பெயரை வெட்ட அக்கா விடவில்லை. கிராமத்து விதானை கேட்கும்போதெல்லாம், அவன் வருவான் என்று சொல்லி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வருவார்.

இவர் அவனையும் ஊருக்குள் வைத்தார். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். எழுதும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா ஒரு பின்னேரம் தானும் விளையாடுகிறேன் என்று வந்தார். கொட்டையைப் போட்டுப் போட்டுச் சங்கக்கடை வாசலுக்கு வந்தார். நான் வாசித்தேன். சைக்கிளோடு ஒரு இளந்தாரி நிற்கிறான். "அம்மாட்டச் சொல்லுங்கோ, வாறன் எண்டு."

அக்கா கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, கடைக்குள் யார் நிற்கிறது என்று கேட்டார். மனேச்சர் என்றேன். பள்ளிக்கூடத்தடியில் யார் என்றார். தபால்காரர். மதகடியில்? பால்கார மனிசி.

சொல்லும்போதுதான் எனக்கும் தெரிந்தது. மூன்று பேரும் உயிரோடு இல்லை. நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. இருக்கிறவர்கள் வந்து பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். இவருக்கு அவர்கள் குரலாகிவிட்டார்கள். முகத்தோடு நின்றவர்கள் செத்தவர்கள் மட்டும்தான்.

"செத்த ஆக்களுக்க கொண்டுபோய் என்ர பிள்ளையை நிப்பாட்டியிருக்கிறியள்," என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "உங்கட பிள்ளை எங்க? அவளை ஏன் வைக்கேல்லை?"

கொட்டைகளைக் கலண்டர் தாளில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கத்தைப் பேனையால் வெட்டினேன். அடுத்த நாள் அக்காவிடம் போனேன். தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இவர் இரண்டு நாள் கொட்டைகளைத் தொடவில்லை. மூன்றாம் நாள், "அவா கேட்டது சரி. அவளை வைக்கவேணும்," என்றார்.

"ஆரை?" என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"முதலாம் பக்கத்தில. வாசலில நிக்கட்டும். என்ன சொல்லுவாள்? நீதான் அவளோட கூட இருந்தனி. நீ சொல்லு."

பேனை எழுதவில்லை என்றேன். நாளைக்கு நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றேன். இவர் விடவில்லை. தானே சில வசனம் சொல்லிப் பார்த்தார். புதுக் கொப்பி வாங்கித் தாங்கோ. சைக்கிளில ஏத்துங்கோ. ஒவ்வொன்றையும் தானே தள்ளினார். இது எல்லாப் பிள்ளைகளும் சொல்வது, இதில் அவள் இல்லை என்றார். ஒரு பிள்ளைக்கு ஒரு வசனம்தான் என்றால், அதைப் பிழையாக வைக்க ஏலாது என்றார். ஒருவரையும் விளையாட விடவில்லை. திரும்பவும் சும்மா இருக்கத் தொடங்கினார். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு மறந்துபோய் இருப்பார்.

"கடைசியா ஒண்டும் சொல்லேல்லை எண்டனி, என்ன?"

"ஓம்."

அந்தக் கேள்வியை நாலைந்து தரம் கேட்டார். நாலைந்து தரமும் ஓம் என்றேன்.

ஒரு கிழமை போனது. இப்படியே விட்டால் இவர் கதிரையோடு போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. விளையாட்டுத்தானே, அதற்குள் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். எழுதினேன். இவரைக் கூப்பிட்டு வாசித்தேன்.

"அம்மா, அப்பா நித்திரை. எழுப்பாதேங்கோ."

இவர் கையைத் தட்டினார். "இதுதான். இது எனக்கு வரேல்லைப் பார்."

இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து இவர் பகலில் படுப்பார். அப்போது அவள் வாசலில் இருந்து காவல் காப்பாள். கோழியையும் துரத்துவாள், வருகிற ஆட்களையும் துரத்துவாள். நான் அதைத்தான் எழுதினேன் என்று இவர் நினைத்துக்கொண்டார். நான் விட்டுவிட்டேன்.

சனம் திரும்ப வந்தது. அண்ணை வாசலில் வேண்டுமென்றே நின்றார். "கொப்பனை எழுப்படி, கிணத்து விசயம் கதைக்கவேணும்." நான் வாசித்தேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்கு அது பாடம். ஆனாலும் கொப்பியைப் பார்த்துத்தான் வாசித்தேன். முகத்தை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது.

நாலாம் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் கதிரையில் இருந்து கேட்டார்.

"விளையாடுறவன் வந்து வாசலில நிக்கிறான். அவள் ஏன் அவனை அம்மா எண்டு கூப்பிடுறாள்?"

பிழையாக எழுதிப்போட்டேன் என்றேன்.

"பத்துச் சொன்னா ரண்டு எழுதுற ஆள் நீ. இல்லாத சொல்லை நீ எழுதமாட்டாய்." "எப்ப சொன்னவள்?"

கீரையைச் சுளகில் வைத்தேன். சொன்னேன்.

மெசின் பெட்டியில் இவருடைய முகத்தைச் சீலைத் துண்டால் கட்டியிருந்தேன். அதனால் அவளுக்கு இவருடைய முகம் தெரியவில்லை. நான் இவருடைய தோளைப் பிடித்து உலுக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் என் சீலையை இழுத்து அதைச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் இருந்தவள்?"

"தருமபுரம் தாண்டுமட்டும்."

"அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலதான் கிடந்தனானோ?"

"ஓம்."

"அழுதவளோ?"

"அழுதவள். சத்தம் போடேல்லை."

ஏன் சத்தம் போடவில்லை என்று இவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

பொய் சொன்னதற்கு என்னை ஏசவில்லை. அந்தச் சொல்லை வெட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். கொப்பியைத் தரச் சொன்னார். முதலாம் பக்கத்தைத் தடவினார். நான் அழுத்தி எழுதுகிறவள். எழுத்து விரலுக்குத் தெரியும். எந்த இடம் என்று கேட்டார். விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தேன்.

பிறகு பக்கம் ஒன்றும் எழுதவில்லை. அண்ணை சில நாள் வந்து கேட்டார். பேனை முடிந்துவிட்டது என்றேன். அவர் எங்கேயோ தேடி ஒரு பேனை கொண்டுவந்து தந்தார். வாங்கி வைத்தேன்.

அவள் சொன்னதை நான் இவருக்குச் சொல்லி நாலு வருஷமாகிறது. அதுவரை இவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் சரிவார். அன்றிலிருந்து பகலில் படுப்பதில்லை. காய்ச்சல் வந்தாலும் கதிரையில் நிமிர்ந்துதான் இருப்பார். கொஞ்சம் சரியுங்கோவன் என்பேன்.

ஓம் என்பார். சரியமாட்டார்.