ஊர் மடுவில், நாங்கள் அடம்பனில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஓகஸ்ட் மாதம் நான் மன்னாருக்குப் போனது ஒரு நல்ல காரியத்தை நிறுத்துவதற்கு. நிறுத்தாமல் திரும்பி வந்திருக்கிறேன். அதனால் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத நண்பர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

ரொறொன்ரோவில் நாங்கள் பதினொரு பேர் ஒரு சிறிய சங்கம் நடத்துகிறோம். கந்தோர் என்று ஒரு கட்டடம் இல்லை, சம்பளமும் இல்லை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். மன்னார்ப் பக்கம் அடம்பனுக்கு அப்பால் ஆறு கிலோமீற்றரில் உள்ள ஓர் ஊரில், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்களின் கால்களைப் பார்க்க ஒரு தாதியை வாடகை வான் வண்டியில் அனுப்புகிறோம். அவர் சிசிலியா அக்கா, அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் எழுதி அனுப்புவார். ஆனால் எங்கள் சங்கம் தன் ஆள் நேரில் போய் எண்ணினால்தான் நம்பும். எங்களுக்கெல்லாம் லீவு பிள்ளைகளின் விடுமுறையோடுதான், ஆகவே போவதும் ஓகஸ்டில்தான். மூன்று வருடத்துக்கு முன் முதலில் போனவன் நான். வந்தவர்கள் நாலு பேர். 'மக்களிடம் ஆர்வம் குறைவு' என்று அறிக்கை எழுதினேன். அடுத்தடுத்த வருடங்களில் போன இருவரும் அதையே எழுதினார்கள். இந்த வருடத்தோடு நிறுத்துவதென்று முடிவாகி, அதைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கொழும்பு புறக்கோட்டையில் காலை ஆறரைக்கு பஸ். மன்னாருக்கு 1,450 ரூபாய். காலையில் இடப்பக்கம் நிழல் என்று பார்த்து உட்கார்ந்தேன். மதவாச்சியில் மேற்கே திரும்பியதும் வெயில் முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. மடுவுக்குத் திரும்பும் சந்தியில் பஸ் அரை மணித்தியாலம் நகரவில்லை. உழவு இயந்திரப் பெட்டிகளில் பாய், பானை, விறகு, குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அழகாயிருக்கிறதென்று படம் பிடித்தேன். என் புத்தி அதற்கு மேல் ஓடவில்லை. மன்னாரில் இறங்கும்போது மூன்று மணி. கீரி என்ற இடத்தில் அறை எடுத்தேன், ஒரு நாளைக்கு 5,500. கடற்கரை பக்கத்தில்தான்; இரவுச் சாப்பாட்டு மீன் குழம்புக்காகவே இன்னொரு நாள் தங்கலாம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு வான் வந்தது. ஓட்டுநர் நசீர் நானா. சிசிலியா அக்கா முன்னாலேயே ஏறியிருந்தார். இருபத்தெட்டு கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். ஊரில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பள்ளிக்கூட விறாந்தையில் கதிரைகளைப் போட்டுக் காத்திருந்தோம். பத்து மணிவரை மூன்று பேர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா கையுறையைக் கழற்றவில்லை.

"தம்பி, பதினைஞ்சாம் திகதி மடு மாதா கோயிலில ஆவணித் திருவிழா. இரண்டாம் செவ்வாய் எப்பவும் அதுக்கு முதல் கிழமைக்குள்ளதான் விழும். ஊர்ச்சனம் கொடியேற்றத்தோட போய் அங்க கொட்டில் போட்டிருக்கும். வேதக்காரர் மாதாவைக் கும்பிடப் போவினம், மற்றவை கடையளில கூலிக்குப் போவினம். இங்க ஆர் நிப்பினம்?"

"ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?"

"மூண்டு வருசமும் வாட்ஸ்அப்பில குரல்பதிவு போட்டனான். நீங்கள் எல்லாரும் கும்பிடுற படம் போட்டனீங்கள்."

அவர் சொன்னது உண்மை. ஆறு நிமிடப் பதிவை யார் கேட்பது என்று கைகூப்பிவிட்டுக் கடந்து போயிருந்தோம். எங்கள் லீவைப் பார்த்து நாள் வைத்துவிட்டு, ஊர்க்காரருக்கு அக்கறை இல்லை என்று எழுதிய கை என்னுடையது. வெட்கம் போய்க் கோபம் வந்தது, முதலில் என்மேல்தான்.

நசீர் நானா சாவியை எடுத்தார். "ஊர் எங்க நிக்குதெண்டு தெரியுந்தானே. ஏன் இங்க இருந்து வெயில் காயிறம்?"

உயிலங்குளம், முருங்கன் வழியாக ஒன்றேகால் மணித்தியாலம். வழியிலேயே அக்கா சுகாதாரக் கந்தோருக்கும் மடுக் கோயில் பாதிரியாரான சுவாமி ஒருவருக்கும் தொலைபேசியில் சொல்லி அனுமதி வாங்கினார். கொட்டில்களுக்கு நடுவே ஒரு பாலை மரத்தடி கிடைத்தது. வானிலிருந்து தண்ணீர் வாளியை இறக்கும்போதே "மிஸி வந்திட்டா" என்று குரல் கேட்டது. பிறகு நாலு மணிவரை நான் நிமிரவில்லை. கால் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் ஈரமில்லாமல் பார்த்து அக்காவிடம் அனுப்புவது என் வேலை. எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பதிவேடு வானிலேயே கிடந்தது.

நாலு மணிபோல் பத்மாவதி வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து அந்த ஊரில் குடியேறிய கூலித் தொழிலாளி. மடுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பெருவிரலுக்குக் கீழே கண்ணாடித் துண்டு ஏறி, சுற்றிலும் கறுத்திருந்தது.

"எப்ப ஏறிச்சுன்னே தெரியலிங்க. வலியே இல்லிங்க," என்றார்.

வலி இல்லாததுதான் ஆபத்து. அன்றைக்கே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார் அக்கா. பத்மாவதி தலையாட்டவில்லை. "திருவிழா முடியட்டும் மிஸி. எடத்த விட்டா வேற ஆள் போட்ருவாங்க."

"திருவிழா முடிய விரல் இராது."

நான் அந்தக் கடைக்குப் போனேன். அவருடைய இடத்தில் இரண்டு நாள் நான் நிற்கிறேன், வேறு ஆள் எடுக்க வேண்டாம் என்றேன். முதலாளி என் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தார். வெங்காய மூட்டையைக் காட்டினார். நசீர் நானா பத்மாவதியை ஏற்றிக்கொண்டு போனார்.

மாலையில் எங்கள் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே அப்போது காலை. நடந்ததைச் சொன்னேன். "மடு நாங்கள் அங்கீகரிச்ச இடமில்லை. அது சேராது. நிப்பாட்டுறதைச் சொல்லியாச்சா?" என்றார். அக்கா கை நீட்டி என் தொலைபேசியை வாங்கினார்.

"தம்பி, சொல்லியாச்சு. நான் கேட்டும் ஆச்சு. அடுத்த இரண்டாம் செவ்வாய் வாறன். வான் தந்தால் வானில, தராட்டில் பஸ்ஸில. மருந்து கட்டுறதுக்கு உங்கட தீர்மானம் தேவையில்லை. வைக்கிறன்."

இரண்டு நாள் வெங்காயம் உரித்தேன். பத்மாவதியின் விரலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இப்படித் தொண்டு செய்யப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மன்னாருக்கு மாசி, பங்குனி நல்ல மாதங்கள். நாள் குறிக்குமுன் ஊர்க்காரரிடம் திருவிழா, நோன்பு, அறுவடை எப்போது என்று கேளுங்கள். ஓகஸ்டில்தான் லீவு என்றால் நேரே மடுவுக்கு வாருங்கள். பன்னிரண்டாம் திகதிக்குப் பின் தங்க அறை கிடைக்காது, பாய் கொண்டு வரவேண்டும். நாள் முழுக்க வான் 14,000 ரூபாய். கால் கழுவக் கூச்சப்படுகிறவர்கள் கொழும்போடு நின்றுவிடலாம்.

எங்கள் சங்கம் வரும் மாதம் கூடுகிறது. என் பழைய அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனியும் நிறுத்தத்தான் வேண்டும் என்று கை தூக்குகிறவர், அதற்கு முன் ஒருமுறை அந்த ஊருக்குப் போகட்டும். பத்மாவதிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லட்டும். விமான டிக்கெட் என் செலவு.