பொன்னியம்மாவின் இடது கால்

ஒரு மனுஷிக்கு ஒரு கால் மட்டும் ஏன் திடீரென்று வீங்க வேண்டும்? 1974-ஆம் வருஷம் ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் தெருவில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் ஆச்சரியம்.

கால் பொன்னியம்மாவுடையது. அவளுடைய அப்பா அயனம்பாக்கத்தில் ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அவளோ ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாகத் தையல் வேலை பார்த்தாள். தைத்ததெல்லாம் கால்சட்டைதான். முகம் தெரியாத சிப்பாய்களின் கால்களை அவள் அங்குலம் அங்குலமாக அறிவாள்.

அந்த ஆடி மாதம் கர்ப்பப்பையில் கட்டி என்று அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்து, “மெதுவா எழுந்து நடக்கணும், படுத்தே கிடக்கக் கூடாது” என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். அந்த உத்தரவை வீட்டு வாசலிலேயே ரத்து செய்தவள் அங்கம்மா, பொன்னியம்மாவின் நாத்தனார்.

“நடக்கறதாவது! தையல் பிரிஞ்சி கொடலு வெளிய வந்தா அந்த நர்ஸா வந்து அள்ளி வெப்பா? கம்னு படுடி.”

எந்தத் தையல் பிரியும், எது பிரியாது என்று பொன்னியம்மாவுக்குத் தெரியும். ஆனால் நாத்தனாரிடம் தொழிலறிவைக் காட்டுகிற துணிச்சல் யாருக்கு உண்டு? இருபது நாள் படுத்தே கிடந்தாள். இருபத்தோராம் நாள் இடது கெண்டைக்கால் வலித்தது. மறுநாள் காலை வீங்கிச் சூடாக இருந்தது.

அங்கம்மா அறை வாசலில் நின்றபடியே பார்த்தாள். உள்ளே வந்து தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

“யானைக்காலு,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

குரலைத் தாழ்த்தக் காரணம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னியம்மாவின் மகள் வனஜாவைப் பெண் பார்க்கக் காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிறார்கள். அம்மாவுக்கு யானைக்கால் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அன்று முதல் அந்தக் கால் ராணுவ ரகசியம் ஆயிற்று. வெளியே போகக் கூடாது, அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது. டாக்டர்கூடப் பார்க்கக் கூடாது.

அதனால் உள்ளூர் டாக்டர் கஜபதியிடம் பொன்னியம்மாவின் புருஷன் வேம்புலி போனான். கால் வீட்டிலேயே இருந்தது.

“காய்ச்சல் இருக்கா?” என்றார் டாக்டர்.

“இருக்கும் சார்.”

“ரெண்டு காலுமா?”

“இப்பத்திக்கு ஒண்ணு சார்.”

டாக்டர் யானைக்கால் மாத்திரையும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டில் சிவப்பு மிக்ஸர் மருந்தும் கொடுத்தார். நோயாளியைப் பார்க்காமல் வைத்தியம் செய்வதில் ஒரு வசதி உண்டு. நோயாளி குறுக்கே பேச முடியாது.

பொன்னியம்மாவுக்கு அந்த மாத்திரையில் நம்பிக்கை விழவில்லை. யானைக்கால்காரர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். வருஷக்கணக்கில் ஊதுகிற கால் அது. இது ஒரே ராத்திரியில் ஊதியது. அவள் அளவு டேப்பை எடுத்தாள். இரண்டு முழங்காலுக்கும் கீழே நாலு விரல் தள்ளி, தையல் சாக்கட்டியால் கோடு போட்டு அளந்தாள். வலது பன்னிரண்டே முக்கால் அங்குலம். இடது பதினாலரை. மறுநாள் அதே கோட்டில் வலது பன்னிரண்டே முக்கால், இடது பதினைந்து. வேம்புலியிடம் சொன்னாள்.

“இன்னாமே, காலுக்கு பேண்ட் தெக்கப் போறியா?” என்று அவன் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை அங்கம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கத்தை வடித்துவிடுவதாகத் திட்டம். சுற்று வட்டாரத்தில் சுளுக்கு எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

“அண்ணி, வலி உயிர் போவுது!”

“போனா திரும்பி வரும், கம்முனு கெட.” கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் அழுத்தி உருவினாள்.

சனிக்கிழமை காலை பொன்னியம்மாவின் மார்பில் ஊசி குத்துவது போல வலி. மூச்சை இழுத்தால் வலி பாதியிலேயே நிறுத்தியது. வேம்புலி, “வாயு” என்று தீர்ப்புச் சொல்லி ஒரு கோலி சோடா வாங்கி வந்தான். கால் ஒரு நோய், மார்பு வேறொரு நோய்; ஒன்றுக்கு எண்ணெய், இன்னொன்றுக்கு சோடா. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பொன்னியம்மாவுக்குப் பாதம் வரை புடவை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இருமக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, சிரித்தால் போதும். கேசரித் தட்டு வருவதற்குள் அவள் இருமினாள். முந்தானையில் ரத்தம். உதடு கறுத்து, மூச்சு நாய்க்கு இரைப்பது போல இரைத்தது.

“வெத்தலைச் சாறுங்க,” என்றாள் அங்கம்மா.

மாப்பிள்ளையின் அண்ணன் பார்த்தசாரதி டாக்சி ஓட்டுகிறவர். “வெத்தலை போட்டா மூச்சு வாங்குமாம்மா? தூக்கு நைனா, வண்டில ஏத்து!” என்றார் வேம்புலியிடம். பெண் பார்க்க வந்த டாக்சி பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

அங்கே ஒரு இளம் டாக்டர் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “படத்துல பெரிசா ஒண்ணும் இல்லையே” என்றார். வேம்புலிக்கு ஒரே பெருமை. “நான் சொல்லல? வாயு!”

அப்போது மூத்த டாக்டர் தாட்சாயிணி வந்தார். நாடியைப் பிடித்தார், மூச்சை எண்ணினார். “படம் சுத்தமா இருக்கு, ஆனா மூச்சு இப்படி வாங்குது. அதான் எனக்குப் பயமா இருக்கு. சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது ஆச்சா? படுக்கையில இருந்தாங்களா? கால் வலி, வீக்கம் உண்டா?”

வேம்புலி திரும்பிப் பார்த்தான். பார்த்தசாரதி கதவோரம் நின்றிருந்தார்.

“காலெல்லாம் ஜோரா கீதுங்க,” என்றான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“மார்ல நோவுன்னு வந்தா கால இன்னாத்துக்குங்க கேக்கறீங்க?”

டாக்டர் நோட்டில் எழுதப் போனார். பொன்னியம்மாவுக்கு எல்லாம் கேட்டது. காலைக் காட்டினால் வனஜாவின் சம்பந்தம் போகும். காட்டாவிட்டால் தான் போகக்கூடும். அங்கம்மாவின் வாய்க்குப் இருபது வருஷம் பயந்தவள், வேம்புலியின் முறைப்புக்கும் பயந்தவள். அப்படிப்பட்டவள் கையை நீட்டிப் புடவையை முழங்காலுக்கு மேலே தானே இழுத்துவிட்டாள்.

“எடது... பதினஞ்சு,” என்றாள் மூச்சுக்கு நடுவே. “வலது பன்னண்டே முக்கா. நாலு நாளா... அளந்துகினு வரேன். முந்தாநேத்து... உருவி வுட்டாங்க.”

“உருவினாங்களா!” டாக்டர் தாட்சாயிணி பேனாவை வைத்துவிட்டார். பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கினார். பொன்னியம்மா அலறினாள். “இந்த வலியை மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாது,” என்று இளம் டாக்டரிடம் சொன்னார், “ஆனா இவங்க அளவை நம்பலாம். ஊசியை இப்பவே ஆரம்பிங்க.”

பாதத்து ரத்தக் குழாயில் சாயம் ஏற்றி மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் சாயம் போகாமல் நின்றது. படுத்தே கிடந்ததில் அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது, உருவியதே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு தடவை உருவியிருந்தால், பெரிய துண்டு போயிருந்தால், இந்தக் கதையை எனக்குச் சொல்ல அவள் இருந்திருக்க மாட்டாள்.

ரத்தம் உறையாமலிருக்கப் பத்து நாள் ஊசி, பிறகு பல மாதம் மாத்திரை. மூச்சிரைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. நான்காம் நாள் வேம்புலி காட்டுப்பாக்கத்துச் சேதியோடு வந்தான். அது யானைக்கால் இல்லை என்று டாக்டரே சொல்லியும் மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. பொண்ணோட அம்மாவுக்கு ரத்தம் கெட்டியாமே, பொண்ணுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று கேட்டார்களாம். ஒரு நோய் இல்லை என்றால் இன்னொன்று.

“சம்பந்தம் போச்சு,” என்றான் வேம்புலி. “நீ கம்னு இருந்திருந்தா...”

“கம்னு இருந்திருந்தா நான் போயிருப்பேன்யா. மாப்ள இன்னா, ஆவடில ஆளா இல்ல? நான் கீறேன், தேடிக்கலாம். மொதல்ல ஒங்க அக்காகிட்ட சொல்லு, இனிமே எண்ணெய எடுத்துகினு எவ காலண்ட போனாலும் நான் வந்து நிப்பேன்னு.”

அங்கம்மா எண்ணெயோடு கிளம்பின வீடுகளிலெல்லாம் அவளே போய் நின்றாள். டிசம்பரில் வேலைக்குத் திரும்பினாள்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஆபரேஷன் ஆகியோ பிள்ளை பெற்றோ படுத்திருக்கிற ஒருவருக்கு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதை உருவாதீர்கள், மறைக்காதீர்கள், காலையும் ஆளையும் சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். படிக்கத் தெரியாத வீடுகளில் இந்தக் கதையை வாயாலேயே சொல்லுங்கள். எண்ணெய் காய்ச்சுகிற வீட்டில் முதலில் சொல்லுங்கள்.