எந்தக் கடல் மாமா?

நாலாங்கிளாஸோடு ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவன் நான். சித்தூர் மார்க்கெட்டில் இன்று பெரிய மீன் கடை என்னுடையதுதான். கண்ணை மூடிக்கொண்டு வாலைத் தடவியே மீன் பேரைச் சொல்லுவேன். என்னையே ஒரு மீன் ஆட்டி வைத்துவிட்டது. தொழிலுக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் மீன் கழுவும்போது அது கையில் வந்தது. உருவம் களவா மீன் மாதிரி. ஆனால் உடம்பு முழுக்க நீலப் புள்ளி, வால் ஓரம் மஞ்சள். எனக்கா பேர் தெரியவில்லை! திருப்பதியில் மீன் ஆராய்ச்சி படிக்கும் கோமதிக்குப் போட்டோ அனுப்பினேன். நகரி நெசவுக்கார வீட்டுப் பெண், என் வாடிக்கை.

"வெட்டிடாதீங்க மாமா! பஸ் ஏறிட்டேன்!"

வந்ததும் முதுகு முள்ளை எண்ணினாள், போனில் படங்களோடு ஒத்துப் பார்த்தாள். "அதேதான் மாமா! அந்தமான் பக்கம் பாறையில இருக்கற மீனு. நம்ம ஆந்திரா கடல்ல இருக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் எழுதல."

"பாத்தியா, யார் கண்ணு!" என்றேன்.

"எந்தக் கடல்ல புடிச்சது மாமா?"

கீழே கிடந்த தார்ப்பாயைப் பார்த்தேன். நெல்லூர் லோடு நம்ம ஆந்திரா கடல், கேரளா லோடு மேற்குக் கடல்; இரண்டையும் ஒரே தார்ப்பாயில் கொட்டி சைஸ் பிரிப்பது என் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

"ரெண்டும் கலந்துட்ச்சும்மா."

அவள் முகம் செத்துப்போனது. "கடல் தெரியலன்னா இது வெறும் கொழம்பு மீனு மாமா. இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு எத்தினி கரையில அலைஞ்சுக்கினு இருந்தேன்!"

பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். "இன்னா மாமா, மீனுக்கு ஆதார் கார்டு கேக்கறாங்களா?"

அவனை முறைத்துவிட்டு, போனில் நெல்லூர் ஏஜெண்டைப் பிடித்து, அவர் மூலம் படகுக்காரர் போலய்யாவைப் பிடித்தேன். மீன் எப்படி இருக்கும் என்று மட்டும் தெலுங்கில் சொன்னேன். அவரும் தெலுங்கில் கத்தினார்.

"நீலப் புள்ளியா? பாறை மேல தூண்டில்ல மாட்டிச்சு. தூண்டில் முள்ளை முழுங்கிட்ச்சு, பச்சை நைலான் நரம்பை அறுத்துட்டேன். தொண்டையில பாரு!"

கோமதி இடுக்கியால் வாயைப் பிளந்தாள். டார்ச் அடித்தேன். உள்ளே, ஆழத்தில், பச்சையாக ஒரு நைலான் துண்டு. "நம்ம கடல்தான்மா!" என்றேன். சிரித்தவன் வாயும் மூடவில்லை. கோமதி ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாயந்திரமே இன்னொரு தார்ப்பாய் வாங்கினேன். மீன் பேர் தெரிந்தால் பாதித் தொழில்தான் தெரியும். லோடைத் தனித்தனியாகக் கொட்டுங்கள். எல்லா மீனும் சாட்சியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வராது.