காடி தரையில் நிற்கட்டும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், தண்டவாளத்தைத் தாண்டும்போது தனபாக்கியம் போட்ட அலறலில், பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மலாய்க்காரர் பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். அப்பளசாமி காடியை ஓரங்கட்டினார். பின்சீட்டுகளை மடக்கி, மெத்தை விரித்து, அதில்தான் மனைவியைக் கிடத்தியிருந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு காடியின் கதவுப் பிடியைப் பற்றியிருந்தாள்.

"இன்னும் எத்தன தண்டவாளம் இருக்கு?"

"இதான் கடைசி தனம். இதுக்கப்புறம் நம்ம ஊரு பஹாவ்தான்."

"போறப்பவும் இதத்தான் சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்ததும் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அடுத்த வாரம் நான் வரல. கரண்டும் வேணாம், ஒன்னும் வேணாம். இந்தக் காடியில இன்னொரு தடவ ஏத்துனீங்கன்னா வழியிலயே செத்துருவேன், பாத்துக்குங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் அப்பளசாமி பதிலுக்கு இரண்டு கத்துக் கத்தியிருப்பார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அது அவர்களுக்குப் பழக்கம்தான். அவளோ கடைக்காரனிடம் வெங்காயம் வேண்டாம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அவர் வெளியே போய்க் காடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

விஷயம் இதுதான். அவளுடைய முதுகெலும்பில் கட்டி. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை கரண்ட் வைக்கிறார்கள், கட்டியைக் கருக்குகிற கதிர் வைத்தியம். நடுவில் விட்டால் கால் இரண்டும் விழுந்துவிடும், அதற்கப்புறம் வலி எந்த மாத்திரைக்கும் அடங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அங்கேயே தங்கவைக்க இடம் இல்லை. ஒருநாள் வாடகைக் காடி பிடித்தார். அது தாழ்வான காடி. குனிந்து உட்காரவே அவளால் முடியவில்லை, பாதி ஏறியவளை அப்படியே இறக்கவேண்டியதாயிற்று. நீட்டிப் படுக்கிற மாதிரி இருந்தது இந்தக் கிழட்டு ஏழு சீட்டுக் காடி ஒன்றுதான். அது ஓடாத ஓட்டம் இல்லை. இரண்டு மகள்களின் கல்யாணச் சாமான், பத்துமலைக்குக் காவடி, சிங்கப்பூருக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீர், எல்லாம் சுமந்து, குலுக்கலைத் தாங்குகிற அப்சோபர் செத்து, ரப்பர் எல்லாம் கிழிந்து, ரோட்டில் ஒரு சிகரெட் துண்டு கிடந்தாலும் 'டொக்' என்று சொல்கிற நிலைக்கு வந்திருந்தது.

"ஏன்யா, நீ ஒரு போமன்தானே? பொண்டாட்டி படுக்கிற காடிய இப்படியா வச்சிருப்ப?" என்று நாம் கேட்கலாம். கேட்க வாய் நன்றாகத்தான் வரும். அப்பளசாமி செம்பனைத் தோட்டத்து லோரிப் பட்டறையில் வண்டி ரிப்பேர் பார்க்கிற போமனாக இருந்தவர். லோரிக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தக் காடி மட்டும் ஓடுகிறவரை ஓடட்டும் என்று கிடந்தது. எல்லாப் போமன் வீட்டுக் கதையும் அதுதான்.

மறுநாள் காலையிலேயே ஆ சூனின் பொத்தோங் கடைக்குப் போனார். அடிபட்ட காடிகளை வெட்டிச் சாமான் விற்கிற கடை. வாசலில் கதவுகள் ஒரு குவியல், உள்ளே அப்சோபர்கள் ஒரு குவியல். கடை முதலாளியான தவுக்கே ஆ சூன் விசிறிக்கு முன்னால் பனியனைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னா போமன், லோரிய விட்டுட்டு ரேஸ் ஓட்டப் போறியா? நல்ல சாமான் இருக்கு லா. சிவப்பு ஸ்பிரிங். காடி தரைய நக்கிக்கிட்டுப் போவும்."

"அத ஒன் மகனுக்கு மாட்டு. எனக்கு மெத்துமெத்துன்னு இருக்கணும் தவுக்கே. எம் பொண்டாட்டி படுத்துக்கிட்டு வரணும்."

ஆ சூன் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான். அதற்குமேல் அவன் விளையாடவில்லை. இருவரும் குவியலைக் கிளறினார்கள். ஒவ்வொரு அப்சோபராக எடுத்து, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று துடைத்துப் பார்த்து, தண்டை அமுக்கிவிட்டு, ஒரே சீராக எழும்புகிறதா என்று காத்திருந்தார்கள். கடைசியில் பின்பக்கம் இடிபட்ட புதுக்காடி ஒன்றின் முன் ஜோடி ஸ்பிரிங்கோடு கிடைத்தது. பின்பக்கத்துக்கு வேறொரு காடியின் ஜோடி.

"அப்சோபர் பழசு பரவால்ல. ரப்பர் புஷ் மட்டும் பழசு வாங்காத," என்றான் ஆ சூன். "ரப்பர் சும்மா கெடந்தாலும் செத்துப்போவும். புதுசு வாங்கிக்க. வேணும்னா கூலி குடுத்து எங்கிட்டயே மாட்டிக்க."

கூலிக்கு எங்கே போவது? மருந்துச் செலவே கையைக் கடித்தது. "எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வாரம் முழுக்க வீட்டுப் போர்ச்சில் வேலை நடந்தது. ஜாக்கியில் காடியைத் தூக்கி, அடியில் இரும்பு முக்காலி வைத்து, சக்கரங்களைக் கழற்றி, துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டினார். சக்கரங்களைத் தாங்கும் கீழ்க்கைகளைக் கழற்றிக்கொண்டு போய்ப் பழைய பட்டறையில் அவற்றின் மூட்டுகளில் புதுப் புஷ்ஷை அமுக்கி வாங்கிவந்தார். ஜன்னல் வழியே தனபாக்கியத்துக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"தனம், கேட்டியா? இந்தப் பக்கம் முடிஞ்சிச்சு. இனிமே நம்ம காடி ஊஞ்சல்தான்!"

கடைசியாக ஒவ்வொரு போல்ட்டையும் பெரிய ஸ்பானரில் குழாயைச் செருகி, லோரிக்கு முடுக்குவதுபோல மூச்சைப் பிடித்து முடுக்கினார். காடி முக்காலியில் நின்றது, திரும்ப மாட்டிய சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. அப்பளசாமி முடுக்கினால் முடுக்கினதுதான், அதை அவிழ்க்க இன்னொரு அப்பளசாமி பிறந்து வரவேண்டும் என்று பட்டறையில் சொல்வார்கள். அந்தப் பெருமையெல்லாம் அன்றைக்கு அவர் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம் வெள்ளோட்டம். படுத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே! தினமும் தனபாக்கியத்தைத் தூக்க உதவுகிற பக்கத்து வீட்டு சல்மா அக்காவைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மெத்தையில் ஏறிப் படுத்தாள்.

"மெதுவா ஓட்டுங்க அண்ணே. எம் புருஷன் பாத்தா என்னமோ ஏதோன்னு நெனச்சுக்கப் போறாரு."

முதல் மேட்டிலேயே சிரிப்பு நின்றுபோயிற்று. தண்டவாளத்தில் ஏறி இறங்கியதும், "யா அல்லா! நிறுத்துங்கண்ணே, எறங்கிக்கிறேன்!" என்று கத்திவிட்டாள். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சத்தம் இல்லண்ணே. சத்தம் சுத்தமா போயிருச்சு. ஆனா... பலகையில படுத்த மாதிரி இருக்கு. அவங்களால தாங்க முடியாது."

அப்பளசாமி முன்பக்கப் பானெட்டில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார். காடி அசைய மறுத்தது. முன்பைவிடச் சற்று எழும்பி, விறைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு ஓட்டிவந்து கீழே படுத்துத் தேடினார். எங்கும் குறை தெரியவில்லை. ஆ சூனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். செத்த சாமானைத் தலையில் கட்டிட்டியே பாவி என்றார். ஆ சூன் தாய்மேல் சத்தியம் செய்தான். "நீதானே அமுக்கிப் பாத்த? நானா பாத்தேன்?" என்று கேட்டான். அதுவும் நியாயம்தான்.

போனை வைத்துவிட்டுப் போர்ச்சு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு வாரம் போய்விட்டது. கையிலும் ஒன்றுமில்லை. நாளைக்குக் கூட்டிப்போகாவிட்டால் அவள் கால் போய்விடும். இந்தக் காடியில் கூட்டிப்போனால் அவளே போய்விடுவாள். மனுஷன் கிரீஸ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். சல்மா தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

"ஏங்க," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "விடுங்க. நீங்க செஞ்சது போதும். என்னைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வைங்க, ஒரே பக்கமா கெடந்து எரியுது."

கையைக் கழுவிக்கொண்டு போனார். வழக்கம்போல முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் தலையணையை எடுத்தார். மனசு சரியில்லாத அவசரத்தில், அவளை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே தலையணையை அடியில் செருகி இறுக்கினார்.

"அய்யோ! அப்படி இல்லங்க!" அவள் பல்லைக் கடித்தாள். "தூக்கிப் புடிச்சுக்கிட்டு இறுக்குனா முறுக்கிக்கிட்டு இல்ல இருக்கு! மொதல்ல என்னக் கீழ கெடக்க விடுங்க. ஒடம்பு அது பாட்டுக்கு அமரட்டும். அப்புறமா இறுக்குங்க. எத்தன வாட்டி சொல்றது?"

அப்பளசாமி தலையணையை இழுத்தார். அவள் உடம்பு மெத்தையில் அமர்ந்தது. பிறகு மெல்லச் செருகினார். அவள் முகம் தெளிந்தது. அவர் கை மட்டும் தலையணைமேலேயே நின்றுவிட்டது.

"என்னாங்க? என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"அட முட்டாப் பயலே!" என்றார் அப்பளசாமி.

"யார?"

"என்னத்தான்!"

வெளியே ஓடினார். லோரியில் இருப்பது வெண்கலப் புஷ். கிரீஸ் அடித்தால் தானாகச் சுழலும், எந்த நிலையில் முடுக்கினாலும் ஒன்றுதான். ஆயுசு முழுக்க அதையே முடுக்கிய கை அது. காடியில் இருப்பதோ ரப்பர். உள் இரும்போடும் வெளி இரும்போடும் ஒட்டிக்கொண்டு, தானே முறுக்கிக்கொடுக்கிற ரப்பர். சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு முடுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே இறுகி, காடி தரையில் இறங்கியதிலிருந்து எந்நேரமும் முறுக்கிக்கொண்டேதானே கிடக்கும்? அப்புறம் எங்கிருந்து அது அசைந்துகொடுக்கும்? பாவம் ஆ சூன், அவனுடைய ஆத்தா வரைக்கும் இழுத்துத் திட்டியாயிற்று.

நான்கு சக்கரத்துக்கு அடியிலும் தடித்த பலகைகளை அடுக்கி, காடியை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தினார். ஜாக்கியும் இல்லை, முக்காலியும் இல்லை. தன் பாரத்தில் தானே நின்றது. அடியில் ஊர்ந்துபோய், தானே முடுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அவிழ்ப்பதற்குள் உயிர் போய்வந்தது. கடைசிப் போல்ட் தளர்ந்தபோது காடி ஒரு முனகல் முனகிக் கொஞ்சம் கீழே அமர்ந்தது. பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. ரப்பர் எதுவும் கிழியவில்லை. பின்னாலும் முன்னாலும் போய் நன்றாக ஆட்டி அமரவிட்டு, அந்த நிலையிலேயே திரும்ப முடுக்கினார்.

மறுநாள் விடிந்ததும் தனபாக்கியத்திடம் போய் நின்றார். கெஞ்சத் தெரியாத மனுஷன் கெஞ்சினார். "தண்டவாளம் வரைக்கும் மட்டும் வா தனம். அதத் தாண்டும்போது நீ ஒரு சத்தம் போட்டாலும் காடியத் திருப்பிடுறேன். அப்புறம் வான்னே கூப்பிட மாட்டேன். எம்மேல சத்தியம்."

அவள் அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸையே பார்த்தாள். "சல்மாவக் கூப்பிடுங்க," என்றாள்.

சல்மா கைகொடுக்க, தனபாக்கியத்தைத் தூக்கிப் படுக்கவைத்ததும் காடி கிளம்பியது. அப்பளசாமி ரோட்டைப் பார்க்கவில்லை, காதால்தான் ஓட்டினார். மேடு வந்தது, ஏறி இறங்கியது. சத்தமில்லை. தண்டவாளம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரமும் ஏறி இறங்கியது. பின்னாலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"தனம்?"

பதில் இல்லை.

"தனம்!"

இல்லை. வழியிலேயே செத்துருவேன் என்று அவள் சொன்னது காதில் ஒலித்தது. செம்பனைக் காட்டு ஓரத்தில் காடியை நிறுத்தி, இறங்கி ஓடி, பின்கதவைத் தூக்கினார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கதவுப் பிடியைப் பற்றியே பழகிய கை அதை விட்டுவிட்டு மெத்தையில் கிடந்தது.

"தனம்! தனம்! அய்யோ, எந்திரி தனம்!"

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி வந்துருச்சா?"

"இல்ல."

"தண்டவாளம்?"

"தாண்டியாச்சு."

"அப்புறம் எதுக்குங்க எழுப்பினீங்க?" அவள் குரலில் பழைய எரிச்சல் வந்திருந்தது. "எத்தன மாசத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன். ஓட்டுங்க."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சத்தம் வராமல் அழுது முடித்துவிட்டு, அவள் முழித்துவிடாதபடி கியரை மாற்றினார்.