பச்சைக் கட்டம்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றவர்கள் மேல் கோபப்பட்டால் அது பொய்க் கோபமாகிவிடும்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன். கணவர் இங்கே கரண்ட்டுக்காக நிலக்கரி வெட்டும் சுரங்கத்தில் பர்மனென்ட். டவுன்ஷிப்புக்கு வெளியே, ஸ்கூட்டரில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இப்போதும் அதே டாக்டரம்மா, அதே ஜனங்கள்.

ஒருநாள் மாவட்ட ஆபீஸிலிருந்து கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் வந்தது. அரசு அலுவலகங்கள் எல்லாம் கார்பன் புகையைக் குறைக்க வேண்டும், எவ்வளவு குறைத்தோம் என்பதை மாதாமாதம் இதில் ஏற்ற வேண்டும் என்றார்கள். எத்தனை யூனிட் கரண்ட், ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை பல்பு மாற்றினோம், எத்தனை செடி வைத்தோம். போன வருஷம் இதே மாதத்தைவிடக் குறைந்திருந்தால் அந்தக் கட்டம் பச்சையாக மாறும். கூடியிருந்தால் சிவப்பு. டாக்டரம்மாவுக்கு நேரமில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்வதுகூடப் பொய்தான். எனக்கு அது பிடித்திருந்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளை யூனிஃபார்மில் கரி படிந்து, அதை உதறி உதறியே இத்தனை வருஷம் ஓட்டியவள் நான். புகையைக் குறைக்கச் சொன்னால் எனக்குக் கசக்குமா? முழு மனசோடு இறங்கினேன். எங்கள் கிராமத்து லைனில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கரண்ட் போகும். போனதும் ஜெனரேட்டர் போடுவது வழக்கம். நான் அதை நிறுத்தினேன். பிரசவம் இருந்தால் மட்டும் போடு, மற்ற நேரம் ஜன்னலைத் திறந்து வை என்று ஆஸ்பத்திரிப் பணியாளரிடம் சொன்னேன். காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் துண்டால் விசிறிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கேட்டார், "இன்னாம்மா சிஸ்டரு, காத்தே வல்லியே, மிஷினு ரிப்பேருங்களா?" நான் சிரித்துச் சமாளித்தேன்.

மாதக் கடைசியில் டீசல் கட்டம் பச்சையானது. அடுத்த மாதம் இன்னும் பச்சை. மாவட்ட ஆபீஸில் இந்த ஷீட்டைப் பார்க்கும் அதிகாரி போன் செய்து, "உங்க சென்டர்தான் சிஸ்டர் டாப்" என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "மண்ணு தள்ளுற எங்க டோசர் ஒண்ணு குடிக்கிற டீசலுக்கு உன் ஆஸ்பத்திரிய வருஷம் பூரா ஓட்டலாம்" என்றார். "அதுக்காக நாங்க குறைக்கக் கூடாதா?" என்று சண்டை போட்டேன். இப்போதும் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். நான் தப்புச் செய்தது வேறு இடத்தில்.

நான்கைந்து மாதம் போயிருக்கும். ஒரு கடிதம் வந்தது. பயன்பாடு குறைந்துள்ளதால் டீசல் ஒதுக்கீடும் அதற்கேற்ப மாற்றியமைக்கப்படுகிறது என்று இரண்டு வரி. எங்களுக்கு வந்துகொண்டிருந்த டீசலில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். நான் உடனே அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"குறைச்சது நீங்கதானே சிஸ்டர்? நல்லாத்தானே போயிட்டு இருக்கு?"

"அது ஃபேன் போடாம மிச்சம் பண்ணது சார். மழைக்காலம் வருது. லைன் அறுந்தா ரெண்டு நாள் கரண்ட் இருக்காது. பிரசவம் வருமே சார்."

"அதான் சோலார் வருதுல்ல."

சோலார் வருகிறது என்று அவர்கள் சொல்லாத நாள் இல்லை. இரண்டு தடவை ஆட்கள் வந்து மொட்டைமாடியை டேப் வைத்து அளந்துகொண்டு போனார்கள். எங்கள் இன்வர்ட்டர் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. புதுசு கேட்டு எழுதினால், சோலாருடன் சேர்த்து வழங்கப்படும் என்று திருப்பி அனுப்பினார்கள். சோலாரும் இல்லை, பேட்டரியும் இல்லை, இப்போது டீசலும் இல்லை. ஆனால் ஷீட்டில் நாங்கள் மாவட்டத்துக்கே முன்மாதிரி.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், தடுப்பூசி ஃப்ரிட்ஜைக் காப்பாற்றவே இருந்த டீசல் தீர்ந்துபோனது. கூடுதலாகக் கேட்டு டாக்டரம்மா எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. டீசல் தீர்ந்த மூன்றாம் நாள் விடியும்போதே மரம் சாய்ந்து லைன் அறுந்தது. எமர்ஜென்சி விளக்கு மத்தியானத்துக்குள் மங்கிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்த பெண். இருபது வயதுதான் இருக்கும். கூட அவளுடைய அம்மா, களையெடுக்கப் போன இடத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள், காலில் சேறு காயவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அனுப்ப முடியாது, நேரமில்ல" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ரோட்டில் மரம் கிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். பணியாளர் டீசல் கேனைக் கவிழ்த்துக் காட்டினார். "ஒரு சொட்டு இல்ல சிஸ்டர்." என் பர்ஸைக் கொடுத்து அவரைப் பெட்ரோல் பங்க்குக்கு ஓடச் சொன்னேன். இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஐந்து மணிக்கே வானம் கறுத்து அறை இருண்டுவிட்டது. என் போனையும் டாக்டரம்மா போனையும் டார்ச் போட்டு குளுக்கோஸ் ஸ்டாண்டில் துணியால் கட்டினேன். அந்த வெளிச்சத்தில்தான் குழந்தை பிறந்தது. பிறந்து அழவில்லை. சளி உறிஞ்சும் மிஷின் சுவரோரம் சும்மா நின்றது. குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் அதன் பக்கத்தில் சும்மா நின்றது. கையால் அழுத்தும் உறிஞ்சியை வைத்து எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், மூச்சுப் பையை வாயும் மூக்கும் மூட வைத்து அமுக்கினேன். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. துடைத்து, தாயின் நெஞ்சில் போட்டு இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினேன்.

அதற்குள் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உள்ளே கிழிந்திருக்கிறது, தையல் போட வேண்டும், எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்டாண்டில் கட்டிய வெளிச்சம் அங்கே எட்டவில்லை. அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு போனைக் கையில் கொடுத்தேன்.

"கைய ஆட்டாதீங்கம்மா."

"நான் ஆட்டலம்மா, தானா ஆடிக்கினு கீது." கொஞ்ச நேரம் கழித்து, "எம்பொண்ணு பொழச்சிக்குவாளா?" என்றாள்.

"பொழச்சிக்குவா. வெளிச்சத்த இங்க காட்டுங்க."

டாக்டரம்மா தைத்துக்கொண்டிருந்தார். மழை விட்டு ஜன்னல் வழியாக டவுன்ஷிப் பக்கத்து வானம் மஞ்சளாகத் தெரிந்தது. அந்த அம்மா கையை அசைக்காமல் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள். "அந்தாண்ட அம்மாம் லைட்டு எரிஞ்சிக்கினு கீதே. எங்க நெலமும் அந்த சொரங்கத்துக்குத்தாம்மா போச்சி. இங்க மட்டும் ஏம்மா இப்டி?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த மஞ்சள் வெளிச்சத்துக்குள்தான் என் வீடு இருக்கிறது. டீசலை மிச்சம் பிடித்துக் காட்டியவளும் நான்தான்.

ரத்தம் நின்றது. ஆம்புலன்ஸ் ஏழு மணிக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்துக்கொண்டார்கள் என்பதால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

மாதக் கடைசியில் ஷீட்டைத் திறந்தேன். வாங்காத டீசலை எங்கே செலவழிப்பது? எண்ணைப் போட்டதும் அந்தக் கட்டம் அதுவரை நான் பார்த்திராத கரும்பச்சையாக மாறியது. எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. நான் எழுதினேன்: கரண்ட் இல்லை, டீசல் இல்லை, பேட்டரி இல்லை, பிரசவம் போன் வெளிச்சத்தில் நடந்தது, தாயும் குழந்தையும் சாகக் கிடந்தார்கள்.

மறுநாளே அதிகாரி கூப்பிட்டார். "சிஸ்டர், அந்தக் குறிப்ப எடுத்துடுங்க. இது மேல போற ரிப்போர்ட்டு."

"மேல போகட்டும்னுதான் சார் எழுதினேன்."

"அதுக்கு வேற ரெஜிஸ்டர் இருக்கு. இது கார்பனுக்கு."

"டீசல் இல்லாமப் போனதும் கார்பன் கணக்குதானே சார்? நீங்க அதத்தானே குறைஞ்சிடுச்சின்னு எழுதுறீங்க?"

டாக்டரம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, "குறிப்பு இருக்கட்டும் சார். நானும் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அனுப்பவும் செய்தார்.

ஆனால் மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் திரையில் ஓடிய பட்டியலில் அந்தக் குறிப்பு இல்லை. எண்களும் நிறங்களும் மட்டும் இருந்தன. எங்கள் நிலையம் முதல் வரிசையில் இருந்தது. பெயரை வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு சான்றிதழும் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு மரக்கன்றும் கொடுக்க என்னை மேடைக்கு அழைத்தார்கள். நான் போனேன். வாங்கவில்லை. மைக் பக்கத்தில் இருந்தது. எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, குரல் கிறீச்சிட்டது.

"நாங்க குறைக்கலைங்க. எங்களுக்குக் குடுக்கல. சோலார் போட்டு டீசல நிறுத்தியிருந்தா நானே முதல் ஆளா கைதட்டுவேன். ஒண்ணும் போடாம இருந்ததப் புடுங்கிட்டு இதுக்குக் குறைப்புன்னு பேர் வைக்காதீங்க" என்றேன். அந்தப் பிரசவத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "இது அதுக்கான மேடை இல்ல சிஸ்டர், உக்காருங்க" என்று ஒரு குரல் வந்தது. மைக்கை நிறுத்திவிட்டார்கள். மைக் இல்லாமலே சொல்லி முடித்தேன். முன் வரிசையில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வேறொரு நிலையத்து நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான். முன்பின் பழக்கமில்லை. "எங்களுதும் பச்சைதான்" என்றாள். "லைட்டு இல்லன்னு வலியோட வந்தவளத் திருப்பி அனுப்பிட்டோம். ஆட்டோவுலயே பெத்துட்டா." குழந்தை என்ன ஆனது என்று நான் கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகும் வெகுநேரம் அங்கே எந்த பஸ்ஸும் வரவில்லை.

அந்த வாரமே எனக்கு மெமோ வந்தது. கூட்டத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் முதல் மாதங்களின் பச்சையையும் மறைக்காமல் எழுதினேன். நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை, மெமோவைத் திரும்பப் பெறவும் இல்லை. கோப்பில் கிடக்கிறது. கணவர்தான் பயந்தார். "இன்கிரிமென்ட்ட நிறுத்திடுவாங்க" என்றார். நிறுத்தட்டும்.

டாக்டரம்மா விடாமல் மேலே எழுதியதில் டீசல் பழையபடி வந்தது. அது மட்டும் நல்லபடி முடிந்தது. ஆனால் அடுத்த மாத ஷீட்டைத் திறந்தபோது ஜெனரேட்டர் டீசலுக்கான கட்டத்தையே காணவில்லை. அதிகாரி எனக்குச் செய்த உதவி போலப் போனில் சொன்னார்: "அவசரப் பயன்பாடு இனிமே கணக்குல வராது. உங்க பிரச்சினை முடிஞ்சுதுல்ல சிஸ்டர்?"

கரும்பச்சையைப் பார்த்தபோது வந்த கோபம் இதைக் கேட்டபோது வந்த கோபத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. புகை குறைய வேண்டும் என்று நான் இன்னமும் விரும்புகிறேன். எங்கள் ஜெனரேட்டரின் கரும்புகை பிள்ளை பெற்றவர்கள் படுத்திருக்கும் வார்டுக்குள்தான் வருகிறது, அது எனக்கு இனிக்கவா செய்கிறது? சோலார் கேட்டேன், பேட்டரி கேட்டேன். அவர்கள் ஒரு கட்டத்தை அழித்துக் கொடுத்தார்கள்.

அன்றே ஒரு கடிதம் எழுதினேன். டீசல் கட்டத்தைத் திரும்ப வையுங்கள், அதற்குப் பக்கத்தில் கரண்ட் இல்லாத மணிநேரம் எவ்வளவு, அந்த நேரத்தில் எத்தனை பிரசவம் என்று இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள், சோலார் எப்போது வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட்டார். பதில் இல்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் ஷீட்டோடு சேர்த்து, தேதியை மட்டும் மாற்றி, அதே கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். இந்த மாதமும் அனுப்பிவிட்டேன்.